பெட்டியில் வந்த ஹெலிகாப்டர்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ரிமோட்டில் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். நீலகிரி மாவட்டத்திலிருந்து மட்டும் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கிக் கொண்டேன்.

கேள்வி: பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 450 என்ற அளவு வகையைச் சேர்ந்த மின் ஹெலிகாப்டர் கிட் ஒன்றை வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் எண் போட்ட சிறு பைகளில் கணக்கற்ற திருகுகளும் பேரிங்குகளும் இருக்கின்றன. கையேட்டில் படங்கள் அதிகம், எழுத்து குறைவு. எங்கே தொடங்குவது? "கோயம்புத்தூரில் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துப் பூட்டி வாங்கிக்கொள்" என்கிறார் அப்பா. – கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: தந்தையாரின் கவலை நியாயமானதே. ஆயினும் நீங்களே பூட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஹெலிகாப்டர் ஒருமுறை பூட்டியதோடு முடிந்துவிடும் பொருள் அன்று. பழகும் காலத்தில் அது கட்டாயம் கீழே விழும், விழும்போதெல்லாம் முதன்மைத் தண்டோ வால் குழாயோ வளையும், அவற்றைக் கழற்றி மாற்றத் தெரியாதவர் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போய்வர வேண்டியிருக்கும்.

முதலில் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குன்னூரின் பழைய வீடுகள் பலவற்றில் மரப்பலகைத் தரை இருக்கிறது. 2 மில்லிமீட்டர் திருகு ஒன்று பலகை இடுக்கில் விழுந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் வெள்ளைத் துணியை விரித்து, அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். பைகளை எல்லாம் ஒரே நேரத்தில் பிரித்துக் கொட்ட வேண்டாம். கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்களோ அதற்குரிய பையை மட்டும் திறந்து, அது காலியான பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஒரு வாஷர் மிஞ்சினால் உபரியாக வைத்திருக்கிறார்கள் என்று எண்ணாமல், எங்கோ விட்டுவிட்டோம் என்று எண்ணித் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் விட்டிருப்போம்.

கருவிகளில் ஆலன் கீக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 1.5, 2 மில்லிமீட்டர் அளவுகளே அதிகம் தேவைப்படும். மலிவான கீயின் முனை இரண்டாம் நாளே உருண்டு, திருகுத் தலையின் குழியையும் உருட்டிவிடும். பிறகு அந்தத் திருகை வெளியே எடுப்பது தனி வேலையாகிவிடும்.

உலோகத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு திருகுக்கும் அதிர்வில் கழலாமல் பிடித்துவைக்கும் நீல நிற மரைப்பசை இட வேண்டும். பட்டறைகளில் பொதுவாக லாக்டைட் என்றே சொல்வார்கள். ஆலையிலிருந்து வரும் திருகுகளின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், அதன் மேல் இட்ட பசை பிடிக்காது. ஆகவே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் திருகைக் கழுவி, துடைத்து, உலரவிட்டு, குண்டூசி முனையால் மரையில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். அதிகமாக இட்டால் பக்கத்திலுள்ள பேரிங்குக்குள் வழிந்து அதையும் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு இந்தப் பசை கூடவே கூடாது. சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது விரிசல்விடச் செய்யும். சிவப்புப் பசையையும் தவிர்த்துவிடுங்கள், அதை நெகிழ்த்தச் சூடு காட்ட வேண்டிவரும். நீலப் பசை முழு வலுப்பெற 24 மணி நேரம் என்று சொல்லப்படுவது சாதாரண அறை வெப்பத்துக்கு உரியது. மார்கழிக் குளிரில் பூட்டுபவர்கள் இரண்டு நாள் விட்டுவிடுவது நல்லது.

பிளேடுகள் பொருந்தும் தலைப்பகுதியில் பலரும் தவறுவது, பிளேடின் வெளிநோக்கிய இழுப்பைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கில்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிளேடைப் பிடிக்கும் ஒவ்வொரு கைப்பிடிக்குள்ளும் இது ஒன்று இருக்கும்: இரண்டு வட்டுகள், இடையே குண்டுமணிகள் பதித்த கூடு. இரண்டு வட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் ஒன்றின் துளை மற்றதைவிட மயிரிழை பெரியது. கைப்பிடிகளின் ஊடே குறுக்காகச் செல்லும் சிறு தண்டில் கோத்துப் பாருங்கள். ஒன்று தண்டைக் கவ்விப்பிடிக்கும், மற்றது சற்றே ஆடும். கவ்விப்பிடிப்பது வெளிப்பக்கமாக, அதாவது முனையில் இறுக்கும் திருகின் பக்கமாக வர வேண்டும். ஆடுவது தலையின் மையத்தை நோக்கி இருக்க வேண்டும். முன்னது தண்டோடும் பின்னது கைப்பிடியோடும் சேர்ந்து நிற்கும்போதுதான் இடையிலுள்ள குண்டுகள் உருள முடியும். மாற்றிப் போட்டாலும் மேசை மேல் எந்த வேறுபாடும் தெரியாது. முழு வேகத்தில் சுழலும்போது கைப்பிடி திரும்ப மறுக்கும், சில பறப்புகளுக்குள் பேரிங் தூளாகிவிடும். கூட்டில் கிரீஸ் இட மறக்க வேண்டாம்.

அடுத்து, மோட்டாரின் பினியனுக்கும் (அதன் தண்டிலுள்ள சிறு கியர்) பெரிய கியருக்கும் இடையே உள்ள நெருக்கம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலை ஏற்றிவிடும் பல்சட்டத்தை நின்று பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை: பல் பள்ளத்தில் இறங்க வேண்டும், அடியில் போய் முட்டக்கூடாது. நோட்டுத்தாளில் ஒரு கீற்று வெட்டி, இரண்டு கியர்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை நெருக்கித் திருகை இறுக்கிவிட்டு, கியரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல், பற்களின் மடிப்பு மட்டும் பதிந்து வந்தால் சரி. பிளாஸ்டிக் கியர் முழு வட்டமாக இருப்பது அரிது என்பதால், சுற்றி நான்கு இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்தே இடைவெளியை முடிவு செய்யுங்கள்.

அசைவைக் கடத்தும் சிறு இணைப்புகளான பந்து மூட்டு லிங்குகளில் ஒரு பக்கம் எழுத்தோ குறியோ இருக்கும்; அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி பந்தின் மேல் அழுத்த வேண்டும். தன் எடையாலேயே விழும் அளவுக்கு லிங்க் தளர்வாகவும் இருக்கக்கூடாது, விரலால் நகர்த்தும்போது தடைபடும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக்கூடாது. வாலுக்குப் போகும் பெல்ட்டைக் குழாய்க்குள் நுழைக்கும்போது கால் சுற்று முறுக்க வேண்டிய திசையைக் கையேட்டின் படத்தோடு இருமுறை ஒப்பிடுங்கள். எதிர்த்திசையில் முறுக்கினால் வால் ரோட்டார் தலைகீழாகச் சுழலும். சர்வோக்களை (கட்டளைப்படி கைகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரில் இணைத்து, நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அவற்றின் கைகளைச் செங்கோணமாகப் பூட்டுங்கள். இந்த அமைப்பு வேலைகள் முடியும்வரை மோட்டாரின் மூன்று கம்பிகளும் கழற்றப்பட்டே இருக்கட்டும்.

கேள்வி: நான் வாங்கிய கிட்டில் தலைப்பகுதியும் வால்பகுதியும் ஆலையிலேயே பூட்டப்பட்டு வந்துள்ளன. அவற்றை அப்படியே பயன்படுத்தலாமா? – கோத்தகிரி வாசகர்

பதில்: கழற்றிப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். அனுப்பும்போது உருப்படிகள் சிதறாமல் இருப்பதற்காகப் பூட்டி அனுப்புவது ஒன்று, பறப்பதற்காகப் பூட்டுவது வேறொன்று. பல கிட்டுகளில் முன்னதைத்தான் செய்திருப்பார்கள்.

இதை நான் பட்டே அறிந்தேன். என் இரண்டாவது கிட்டின் தலைப்பகுதி பளபளப்பாகப் பூட்டப்பட்டு வந்திருந்ததால் அப்படியே தண்டில் ஏற்றிவிட்டேன். கேத்திப் பக்கம் ஒரு கேரட் வயலை ஒட்டிய மேட்டில் மூன்றாவது முறை எழுப்பியபோது, ஸ்வாஷ்பிளேட்டில் (தண்டைச் சுற்றி நின்று, சாய்ந்தும் ஏறியிறங்கியும் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் வட்டு) இருந்த ஒரு பந்தின் திருகு தானாகவே கழன்று வெளியே வந்துவிட்டது. ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்று பாத்தி கேரட்டைச் சீவித் தள்ளிவிட்டுப் படுத்தது. வயல்காரர் கேரட்டுக்கு விலை வாங்கிக்கொள்ளவில்லை, "இதை ஓட்ட லைசென்ஸ் உண்டா?" என்று மட்டும் கேட்டார். கழன்ற திருகை எடுத்துப் பார்த்தால் அதில் பசை இட்ட சுவடே இல்லை.

அந்தத் திருகுகள் தாங்க வேண்டிய சுமையை ஒரு சிறு கணக்கில் பாருங்கள். 450 வகையின் பிளேடு 325 மில்லிமீட்டர் நீளம் உள்ளது. 28 கிராம் எடையுள்ள ஒரு பிளேடின் எடைமையம் தண்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும், தலை நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றுவதாகவும் கொண்டால், அந்தப் பிளேடு வெளிநோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 49 கிலோ எடைக்குச் சமம். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத தலையின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டது போன்றது இது. பிளேடின் நுனியோ மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும். ஆகையால் ஒவ்வொரு திருகாகக் கழற்றி, எண்ணெய் நீக்கி, பசை இட்டு, மீண்டும் இறுக்குங்கள். ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

கேள்வி: என் நண்பரின் ஹெலிகாப்டர் கோயம்புத்தூரில் சுறுசுறுப்பாகப் பறந்தது. அதையே உதகைக்குக் கொண்டுவந்து பறக்கவிட்டால், சுமை ஏற்றியதுபோல் மந்தமாக எழுகிறது. பேட்டரியும் சீக்கிரம் தீர்கிறது. எதையும் மாற்றவில்லை என்று நண்பர் உறுதியாகச் சொல்கிறார். – உதகை வாசகர்

பதில்: நண்பர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், மாறியது காற்று. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேர்வதற்குள் பலூன்போல் உப்பிவிடுவதைப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதே காரணம்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுமார் 1850 மீட்டரில் உள்ள குன்னூரிலும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பிளேடு என்பது காற்றைக் கீழே தள்ளி, அந்த எதிர்விசையில் நிற்கும் பொருள். தள்ளுவதற்குக் காற்றே குறைவாக இருக்கும்போது அதே வேகத்தில், அதே கோணத்தில் அதே தூக்குவிசை கிடைக்காது.

இதை ஈடுகட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிளேடின் பிட்ச் கோணத்தை, அதாவது அது காற்றில் சாய்ந்து நிற்கும் கோணத்தைக் கூட்டுவது: சமவெளியில் 5 டிகிரியில் அந்தரத்தில் நின்ற ஹெலிகாப்டருக்கு இங்கே 6 டிகிரிக்குச் சற்று மேலே தேவைப்படும். இரண்டாவது, சுழல் வேகத்தைக் கூட்டுவது. தூக்குவிசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வதால், ஐந்தில் ஒரு பங்கு இழப்பை ஈடுகட்ட வேகத்தை 12 விழுக்காடு உயர்த்தினால் போதும். 13 பல் பினியனை 14 பல்லாக மாற்றினால் சுமார் 8 விழுக்காடு கிடைத்துவிடும், மீதியைப் பிட்ச்சில் சேர்த்துக்கொள்ளலாம். நான் பெரும்பாலும் இப்படி இரண்டையும் கலந்தே அமைக்கிறேன், ஏனென்றால் பிட்ச்சை மட்டும் நம்பினால் திடீரென்று மேலே ஏற்ற வேண்டிய நேரத்தில் கையிருப்பாகக் கோணம் எதுவும் மிஞ்சியிருக்காது. தலைக்கும் பிளேடுக்கும் தயாரிப்பாளர் விதித்துள்ள உச்ச வேகத்தை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பினியனை மாற்றிய பின் முதல் சில பறப்புகளில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய காற்று மோட்டாரைக் குளிர்விப்பதிலும் மெத்தனமாகவே இருக்கும். உதகையின் குளிர் அதற்கு ஓரளவு கைகொடுக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கும் இதுவே காரணம். அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது, அந்தரத்தில் நிற்பதற்கு மட்டுமே செலவாகும் ஆற்றல் 12 விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. கோயம்புத்தூரில் 5 நிமிடத்துக்கு வைத்த டைமரை இங்கே நாலரை நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். குளிர்ந்த லித்தியம் பாலிமர் பேட்டரியின் உள்தடை கூடி, மின்னழுத்தம் சட்டென்று சரியும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உறைபனிக் காலைகளில் பேட்டரியைக் கம்பளித் துணியில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். அடுப்பருகே வைத்துச் சூடேற்ற மட்டும் வேண்டாம்.

கேள்வி: தரையை விட்டு எழும்பிய உடனே ஹெலிகாப்டர் பம்பரம்போல் சுற்றுகிறது. இரண்டு முறை வால் பிளேடு உடைந்துவிட்டது. கைரோ பழுதா? – கூடலூர் வாசகர்

பதில்: ஹெலிகாப்டர் திரும்புவதை உணர்ந்து வாலைத் திருத்தும் கருவியே கைரோ. அது பழுதாக இருப்பதைவிட, தலைகீழாகத் திருத்திக்கொண்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பெரும்பாலான மாதிரி ஹெலிகாப்டர்களின் ரோட்டார் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அதன் எதிர்விளைவாக மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், அதை வால் ரோட்டார் தடுக்க வேண்டும். மோட்டார் கம்பிகளைக் கழற்றிவிட்டு மேசை மேல் இதைச் சோதிக்கலாம். ரிமோட்டில் வாலைத் திருப்பும் ரட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளி, வால் தண்டின் மேல் நகர்ந்து வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் ஸ்லைடர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குச்சியை விட்டுவிட்டு, ஹெலிகாப்டரின் மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்லைடர் முன்பு நகர்ந்த அதே பக்கம் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால், நீங்கள் எழும்பும் ஒவ்வொரு முறையும் கைரோ சுழற்சியைத் தடுப்பதற்குப் பதிலாக வளர்த்துவிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அமைப்பில் கைரோவின் திசையை மாற்றிவிட்டால் போதும்.

ஃப்ளைபார் (தலையில் குறுக்கே நிற்கும் நிலைப்படுத்தும் கம்பி) இல்லாத வகையாக இருந்தால் இதே சோதனையை ஸ்வாஷ்பிளேட்டுக்கும் செய்யுங்கள். மூக்கைக் கீழே சாய்த்தால் ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய்ந்து, தான் மட்டும் தரைக்கு இணையாக நிற்கப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சாய்க்கும்போதும் அப்படியே. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு வால் பிளேடுகளின் விலையை நினைத்தாவது ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருந்த என் பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த கிட்டை எனக்குக் கொடுத்தார். தலைக்கு மேல் குறுக்கே ஒரு கம்பியும் அதன் முனைகளில் துடுப்புகளும் உள்ளன. இப்போது வரும் ஹெலிகாப்டர்களில் அவை இல்லையே, இது பயன்படுமா? – குன்னூர் வாசகர்

பதில்: தாராளமாகப் பயன்படும். அந்தக் கம்பிதான் ஃப்ளைபார். எலக்ட்ரானிக் கைரோ மூன்று அச்சுகளையும் கவனிக்கத் தொடங்கும்வரை, ஹெலிகாப்டரை நிலைநிறுத்தும் வேலையை அதுவே செய்துவந்தது. முனையில் எடை கொண்ட நிலைப்படுத்தும் கம்பியை அமெரிக்கரான ஆர்தர் யங் முதலில் சிறு மாதிரிகளில்தான் சோதித்துப் பார்த்தார்; அதிலிருந்து பிறந்த பெல் 47 ஹெலிகாப்டர் 1946இல் பொதுப் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்றது. துடுப்பு வைத்த வடிவம் ஸ்டான்லி ஹில்லருடையது. மாதிரி ஹெலிகாப்டரைக் கட்டுக்குள் பறக்கவைத்துக் காட்டிய முன்னோடிகளில் முதன்மையானவராக ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டரைச் சொல்வார்கள். பின்னாளில் வந்த கிட்டுகள் பெல், ஹில்லர் இரண்டையும் கலந்தன. உங்களிடம் இருப்பதும் அந்தக் கலவைதான். பூட்டுவதற்கு லிங்குகள் அதிகம், அமைப்பதற்குக் கணினி தேவையில்லை. இரண்டு துடுப்புகளும் தண்டிலிருந்து சம தொலைவில் உள்ளனவா, ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்பதை அளவுகோல் வைத்துப் பாருங்கள். பெல்ட்டையும் ரப்பர் வளையங்களையும் மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள், அவை பெட்டிக்குள் இருந்தே இறுகிப்போயிருக்கும்.

கேள்வி: பெட்ரோல் போல் எரிபொருளில் ஓடும் வகை மலைக்கு ஏற்றதா? – உதகை வாசகர்

பதில்: இல்லை. நீங்கள் குறிப்பிடுவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சினாக இருக்கும். காற்று குறைந்தால் அதன் வலுவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். மின்மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகையும் சமவெளி அளவிலிருந்து சற்று மூடினால்தான் கலவை சரியாக அமையும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், திறந்த கேனை மழைக்காலத்தில் இங்கே வைத்திருப்பதும் தொல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர் ஓட்டலாம். புதிதாக வாங்குபவருக்கு நான் மின்வகையைத்தான் சொல்வேன்.

கேள்வி: என் மகன் ஹெலிகாப்டர் பேட்டரியைப் படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் செய்கிறான். ஒரு பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. பயமாக இருக்கிறது. – கோத்தகிரி வாசகி

பதில்: உங்கள் பயம் சரியானதே, அம்மா. உப்பிய பேட்டரியை இன்றே பயன்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்பதற்கு உப்பலே சாட்சி. காற்றழுத்தம் குறைந்த மலையில் அது சமவெளியில் இருப்பதைவிட இன்னும் சற்றுப் பெரிதாகத் தெரியும், ஆனால் நல்ல பேட்டரி எந்த உயரத்திலும் உப்பாது. அதைக் குத்திப் பார்க்கவோ குப்பைத் தொட்டியில் போடவோ கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். மற்றவற்றை, அடியில் மணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, திரைச்சீலையும் மெத்தையும் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் தேவையில்லை. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டில் நிற்க வேண்டும், அதற்குச் செல்களைத் தனித்தனியாகச் சமன்செய்யும் சார்ஜர் கட்டாயம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பறக்கவிட முடியாதபோது முழுச் சார்ஜிலோ முழுக் காலியாகவோ வைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருந்தால் உப்பலே பெரும்பாலும் வராது.

கேள்வி: எங்கே பறக்கவிடலாம்? அனுமதி தேவையா? – அருவங்காடு வாசகர்

பதில்: 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மேற்படாமல், பொழுதுபோக்குக்காகவோ கல்விக்காகவோ, கண்ணுக்கு எட்டிய தொலைவிலேயே இயக்கப்படுபவற்றை மாதிரி வகையாகக் கொண்டு, அவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. எந்த இடத்தில் பறக்கலாம் என்ற கட்டுப்பாடு இதனால் நீங்கிவிடாது. அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று முதலில் பாருங்கள். நீங்கள் இருக்கும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ளது, அடுத்துள்ள வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி உள்ளது. இந்த வட்டாரத்தில் கேட்காமல் எதையும் எழுப்ப எண்ணவே வேண்டாம். முதுமலைக் காடும் அதன் ஓரங்களும் அப்படியே. தேயிலைத் தோட்டத்துக்குள் சமதளம் கிடைத்தாலும், கொழுந்து பறிப்பவர்கள் இருக்கும் நேரத்தில் வேண்டாம். செடி மறைவில் குனிந்து நிற்பவரை நீங்கள் பார்க்க முடியாது.

கேள்வி: பூட்டி முடித்துவிட்டேன். முதல் முறை எழுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன? மூடுபனியில் பறக்கவிடலாமா? – குந்தா வாசகர்

பதில்: மூடுபனியில் வேண்டாம். முப்பதடி தள்ளி நிற்கும் ஹெலிகாப்டரின் மூக்கு எது, வால் எது என்று தெரியாமல் போவதோடு, ஈரம் எலக்ட்ரானிக் பாகங்களுக்குள்ளும் இறங்கும். விடிந்து ஒரு மணி நேரம் கழித்து, பள்ளத்தாக்குக் காற்று எழும்பத் தொடங்குவதற்கு முன்பு கிடைக்கும் அமைதியே நல்ல நேரம்.

பேட்டரியைப் பொருத்திய நிலையில், தலையின் பக்கவாட்டில் இரு விரல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கோ வாலோ தாழாமல் ஹெலிகாப்டர் மட்டமாகத் தொங்க வேண்டும். தாழ்ந்தால் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யலாம். பிளேடுத் திருகுகளை, ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்தால் பிளேடு தானாக மடங்கித் தொங்காத அளவுக்கு, ஆனால் ஒரு உலுக்கு உலுக்கினால் அசையும் அளவுக்கு இறுக்குங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதைப் பிளேடு இல்லாமல் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேடின் நுனியில் சிவப்பு டேப்பும் மற்றதில் நீல டேப்பும் ஒட்டி, பதினைந்தடி தள்ளி நின்று வேகம் ஏற்றிப் பாருங்கள். இரண்டு நிறமும் ஒரே தளத்தில் சுழன்றால் சரி, ஒன்று மேலே தெரிந்தால் அதன் லிங்கை அரைச் சுற்று குறைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். இறங்கு கால்களுக்குக் குறுக்கே இரண்டு நீண்ட குச்சிகளைக் கட்டி, நான்கு முனைகளிலும் டேபிள் டென்னிஸ் பந்துகளைச் செருகிக்கொண்டால், புல்லில் சாய்வாக இறங்கினாலும் பிளேடு மண்ணைத் தொடாது. குந்தாப் பக்கம் உள்ள சரிவுகளுக்குக் குச்சி சற்று நீளமாகவே இருக்கட்டும்.